பன்னீர் பட்ட மாதுளம்பூ

“அப்ப பாட்டுப் படிக்கிற பிள்ளையள் எல்லாரும் முழங்கால் தெரிய நிண்டு படிக்கட்டோ, குல்சூம் அக்கா?”

“துணி எண்டாச் சுருங்கும் யூஜீனியா. இது கடக்கரை. காத்திலேயே ஈரம்.”

“நனைக்க முன்னம், தைக்க முன்னம், வீட்ட கொண்டுபோய் மேசையில விரிச்ச உடனே சுருங்குமோ? உங்கட கடைத் துணிக்கு வெக்கம் கூடிப் போச்சுப் போல.”

துணி பார்க்க வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் பொதுவாகச் சண்டையை விரும்புகிறவள் அல்ல. சண்டை பார்க்கத்தான் விருப்பம். அன்றைய சண்டை என் கடைக்குள்ளேயே நடந்ததால் வசதியாக நின்று பார்க்க முடியாமல் போயிற்று. அது ஒரு குறைதான்.

புத்தளத்துத் தில்லையடியில் என் வீட்டின் முன்னறைதான் கடை. சீத்தை, பொப்ளின், வொயில், பள்ளிக்கூட வெள்ளை எல்லாம் வைத்திருந்தேன். யூஜீனியா கற்பிட்டிப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். அந்தப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்க என்னிடம் பொப்ளின் வாங்கிப் போனவர், மறுநாளே துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து நின்றார். வந்தவர் நேராக என்னிடமும் வரவில்லை. எதிர்வீட்டு ஹில்மியின் சக்கரத்தில் துணியை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வந்தார்.

அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹில்மி கொழும்பில் போட்டோக் கொப்பி இயந்திரங்கள் திருத்திக்கொண்டிருந்த பொடியன். யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் கழிந்த நேரம், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த சனத்தில் பாதி, ஊருக்குத் திரும்பிப் போவதா, இங்கேயே கிடப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கையில், அவன் ஒரு லொறி நிறையப் பழைய சாமானோடு தெருவுக்குள் வந்து இறங்கினான். அதில் அவன் முதலில் செய்தது துணி அளக்கும் சக்கரம். றப்பர் சுற்றிய சின்னச் சில்லு ஒன்று. அதில் ஒரு காந்தம். பக்கத்தில் பிள்ளைகளின் கல்குலேட்டர். துணி சில்லுக்கு அடியால் ஓடினால் கல்குலேட்டரில் எண் தானாக ஏறும். துணியை இழுத்துப் பிடிக்கவும் முடியாது, தளர்த்தி விடவும் முடியாது. அதனோடு கதை கொடுக்கவும் முடியாது. அதனால் எனக்கு அதை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

“உங்கட கம்பைத் தாங்க அக்கா. அதையும் ஒருக்கா ஓட்டிப் பாப்பம்,” என்றார் யூஜீனியா.

தெருவே பின்னால் வந்தது. ஹில்மியின் கொட்டிலில் துணி அளக்கும் என் யார்க் கம்பு சில்லுக்கு அடியால் போனது. சரியான அளவுக்கு இரண்டு விரல் குறைவு. காரணம் மிகவும் எளிது. சில வருடங்களுக்கு முன் ஒரு கழுதை என் வாசலில் தொங்கிய சீத்தையைத் தின்றுகொண்டிருந்தது. கம்பால் அடித்தேன், நுனி முறிந்தது. முறிந்த நுனி அசிங்கமாக இருந்ததால் நேராக அறுத்து அரம் போட்டு வைத்தேன். அழகுக்குச் செய்த வேலை அது. கழுதையைக் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டார்கள்.

எல்லோரும் சிரித்தபோது ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கமீலா. “கம்பு தேஞ்சிரிக்கும். யாருக்கெண்டாலும் நடக்கும். சாச்சியைப் போய் அப்படிச் சொல்லாதீங்க,” என்றாள். அடுத்த நாள் புதுக் கம்பு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, ஆட்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சரியான அளவு. இரு பக்கமும் பித்தளைப் பூண். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

கமீலா தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அகதி முகாமில் பிறந்து, பெரியவாப்பா ரஸாக்கின் வீட்டில் வளர்ந்தவள். ரஸாக் கருவாட்டு வியாபாரி. வாய்க்கு முந்திக் கோபம் வருகிற மனிதர். ஹில்மியின் கொட்டிலில் சாயம் கலப்பதும் துணி பதப்படுத்துவதும் கமீலாவின் வேலை. ஹில்மியின் உம்மா காலை முதல் மாலைவரை நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே அங்கே பார்க்கத்தக்க ஒன்றும் நடக்கவில்லை. நான் பார்த்தேன். என் ஜன்னலிலிருந்து கொட்டில் நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் பார்த்தும் ஒன்றும் இல்லை. அந்த ஏமாற்றத்தை உங்களுக்கு விளக்குவது கடினம்.

ஒரு நாள் ஹில்மியின் உம்மா நேராக ரஸாக்கிடம் பெண் கேட்டுவிட்டார். ஒளிவு மறைவு இல்லை, தூது இல்லை, என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தில்லையடியில் என்னிடம் கேட்காமல் பேசப்பட்ட முதல் சம்பந்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்குள் ஹில்மி பெரிய இயந்திரத்தையும் செய்து முடித்திருந்தான். காகிதத்தில் மை பீய்ச்சும் இயந்திரத்தைப் பிரித்து, நீளமான மேசை மேல் தண்டவாளம் போல் இரும்பு போட்டு, அதில் மைத்தலைகள் இங்கும் அங்கும் ஓடும்படி வைத்தான். கண்ணுக்குத் தெரியாத துளிகள். கொம்பியூட்டரில் ஒரு பூவைக் காட்டினால் துணியில் அந்தப் பூ விழும். விழும்போது ஒரு சத்தம், பூனை ஒன்று பல்லுக் கடிப்பது போல. அச்சடித்த துணியைப் பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றுக்குள் தொங்கவிட்டு, கீழே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி பிடிப்பான். வட்டிலப்பம் அவிப்பது மாதிரித்தான். பிறகு கழுவிக் காயவைத்தால் சாயம் அசையாது.

ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான். என் கடைக்குத் துணி வாங்க வருகிறவள் வெறும் துணியோடு போவதில்லை. மகளின் கலியாணப் பேச்சு எங்கே முறிந்தது, மாமி என்ன சொன்னாள், யார் வீட்டில் கோழி அறுத்தும் மணம் வரவில்லை, எல்லாவற்றையும் விரித்து மடித்துவிட்டுத்தான் போவாள். அந்த வருடம் அவர்கள் அதையெல்லாம் கமீலாவிடம் விரித்தார்கள். அவள் கேட்டுவிட்டு, “அல்லாஹ் லேசாக்குவான்” என்று சொல்லிவிட்டுச் சாயத்தைக் கலக்குவாள். கேட்டதை ஒருவரிடமும் சொல்ல மாட்டாள். எத்தனை நல்ல செய்திகள் அப்படி வீணாய்ப் போயின என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். பெண்கள் கேள்வி கேட்க, ஹில்மிக்கு உற்சாகம்.

“இந்தத் தகரத்துல இரிக்கிறது என்ன, தம்பி?”

“அது சலவைச் சோடா. அதுதான் முக்கியம். யூரியா, கடற்பாசிப் பசை, சோடா, மூண்டையும் கலந்து முதல்ல துணிக்குப் பூசணும். சாயமும் நூலும் மாப்புளையும் பொண்ணும் மாதிரி. சோடாதான் நிக்காஹ் எழுதுற ஆள். அவரு வராட்டி ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நல்லாத்தான் இரிப்பாங்க. தண்ணியைக் கண்டாப் பிரிஞ்சிருவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கமீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் சிரித்தேன். இதை நான் தேடிப் போய்க் கற்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். நடுக் கொட்டிலில், எல்லோருக்கும் முன்னால், அவனாகவே சொல்லிக் கொடுத்தான்.

பிறகு செய்னுலாப்தீன் ஹாஜியாரின் மகள் கலியாணம் வந்தது. பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி வொயில் சாரி வேண்டும். இலைப்பச்சைத் தரையில் சிவப்பு மாதுளம்பூ. முன்பென்றால் ஹாஜியார் வீட்டுக் கலியாணத் துணி என் கடையிலிருந்துதான் போகும். இந்தமுறை ஹில்மிக்குப் போயிற்று. ரஸாக் கொட்டிலுக்கு வந்து எல்லோரும் கேட்க ஒரு வார்த்தை வைத்துவிட்டுப் போனார்.

“தொழில் எண்டு ஒண்டை எனக்குக் கண்ணால காட்டு ஹில்மி. ஹாஜியார்ட உடுப்பு நல்லா வந்தா அடுத்த வெள்ளியே நிக்காஹ். பிசகினா இந்தப் பேச்சும் இல்ல, புள்ள இந்தப் பக்கம் வாறதும் இல்ல.”

கமீலா அன்று முழுக்கத் தரையைப் பார்த்தே நடந்தாள். ஆனால் நடை துள்ளியது. ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால்தான் ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னது என்று விளங்கும்.

முதலாவது, ஹாஜியாரின் மனைவியைச் சுகம் விசாரிக்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, “கலியாண உடுப்புக் கோடியா இரிக்கணும், மச்சி. தண்ணி பட்டாப் பழசு எண்டுதான் கணக்கு,” என்றேன். கோடி என்றால் தண்ணீர் படாத புதுத் துணி. அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குள் உண்டு. பலருக்கு மறந்து போயிற்று. ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த மனுசிக்கு எதற்கும் பயம். பல்லி விழுந்தாலே பாத்திஹா ஓத ஆள் அனுப்புகிறவர். அன்று மாலையே ஹில்மிக்குச் சொல்லி அனுப்பினார்: ஒரு சாரியிலும் கலியாணத்துக்கு முன் தண்ணீர் படக்கூடாது.

ஹில்மி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “கழுவாமக் குடுக்கிறது சரியில்ல சாச்சி. ஆனா ஆவி ஒழுங்காப் பிடிச்சாப் பெரும்பாலும் நிக்கும். கொஞ்சம்தான் கையில ஒட்டும்.” அவன் சொன்னது சரி. சோடா இருந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

இரண்டாவது, உப்பு. புத்தளத்தில் உப்புக்கு யாரும் ஒளிந்து திரிய வேண்டியதில்லை. கல்லுப்பை பிளெண்டரில் போட்டு மாவாக அடித்தேன். வெள்ளை வெளேரென்று, சோடாவோடு வைத்தால் பெற்ற தாய்க்கும் பிரித்துச் சொல்ல முடியாது. அஸர் தொழுகை நேரம், ஹில்மி மை வாங்கப் போயிருந்தான். அவன் உம்மாவும் கமீலாவும் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரு தட்டில் வடை கொண்டு போயிருந்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. தகரத்திலிருந்த சோடாவை என் பைக்குள் கொட்டிக்கொண்டு உப்பை நிரப்பினேன். சோடாவை வீணாக்கவில்லை. அதில் என் கடைத் திரைச்சீலைகளை ஊற வைத்தேன். என்ன வெள்ளை.

அவர்கள் தொழுது முடித்து வந்து வடையைத் தின்றார்கள். கமீலா, “உப்புக் கொஞ்சம் குறைவு சாச்சி, ஆனா நல்லா இரிக்கு,” என்றாள்.

என் எண்ணம் சின்னதுதான். சாயம் சற்று மங்கும். ஹாஜியார் முகம் சுளிப்பார். பெண்கள், கடைத் துணிதான் துணி என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் சாரிகள் அச்சாகி, ஆவி பிடித்து வெளியே வந்தபோது பார்த்தால் கண் கூசுகிறது. இலையின் நரம்பு தெரிகிறது. மாதுளம்பூ பிய்த்தெடுக்கலாம் போல நிற்கிறது. ஹில்மி மேசையைச் சுற்றி ஓடினான். அவன் உம்மா கதிரையை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். இத்தனை பாடுபட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்குப் பெரிய சலிப்பாகிவிட்டது.

கமீலா மட்டும், “ஒரு துண்டையாவது கழுவிப் பாப்பமே,” என்றாள். ஓரத்தில் வெட்டிய துண்டு ஒன்று மீதி இருந்தது. அவர்கள் வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த்தண்ணி. பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரும் முடிந்திருந்தது. “தா மகள், என்ட தாங்கியில நல்ல தண்ணி இரிக்கு,” என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாளியில் போட்டதுதான் தாமதம். நான் கைவைக்கவே இல்லை. பூ இதழ் இதழாகக் கழன்றது, இலை கரைந்தது, தண்ணீர் பீட்ரூட் கறி மாதிரி ஆனது. துணியைத் தூக்கினால் பிறந்த மேனிக்கு வெள்ளை. வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான பேச்சு. நானும் யோசித்தேன். ஆனால் ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒரு செய்தி, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது வயிற்றுக்குள் இருந்துகொண்டு கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. அன்று சமைக்கும்போது எனக்கே தெரியாமல் பைத் பாட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஹில்மி முதன்முதல் அச்சடித்துப் பார்த்த நாளில் தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு மாதிரித் துண்டு கொடுத்திருந்தான். அதே மாதுளம்பூ, நல்ல சோடா போட்டுக் கழுவியது. என்னிடம் இருந்ததை நனைத்துப் பிழிந்து கொண்டுபோய்க் கமீலாவின் கையில் வைத்தேன். “கண்ணுபடப் போவுது மகள். ஒரு சொட்டும் போகல.” அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது மூன்றாவது.

கலியாண நாளில் மண்டபத்தின் பெண்கள் பக்கம் முழுக்க வெள்ளை. கதிரைகளுக்கெல்லாம் வெள்ளை உறை, பின்னால் வெள்ளை முடிச்சு. அந்த வெள்ளைக்குள் பச்சையும் சிவப்புமாகப் பெண் வீட்டார் வந்து நிறைந்தபோது, மாதுளைத் தோட்டமே எழுந்து நடந்து வந்தது போல இருந்தது. அழகை அழகு என்று சொல்ல நான் பின்வாங்குகிறவள் அல்ல.

வாசலில் பன்னீர்ச் செம்பு யாருடைய கையில் என்று கேட்கிறீர்களா. என்னுடைய கையில்தான். கைராசிக்காரி என்று ஹாஜியாரின் மனைவியே கூப்பிட்டுக் கொடுத்தார். நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்தால் மறுப்பது மரியாதையும் இல்லை.

முதலில் ஹாஜியாரின் பெரிய சகோதரி வந்தார். நல்ல தாராளமாகத் தெளித்தேன். அவருடைய தோளிலிருந்த மாதுளம்பூ மெல்ல விரிந்தது. சின்னப் பூ பெரிய பூவானது, பெரிய பூ தட்டளவு ஆனது, பிறகு தோளைவிட்டு இறங்கிக் கைவழியாக நடந்தது. அவருக்குத் தெரியவில்லை. அடுத்தவர், அடுத்தவர். நான் ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. ஹில்மியின் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத துளியாகப் பீய்ச்சும். என் செம்பு கண்ணுக்குத் தெரியப் பீய்ச்சியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து நுரைச்சோலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எங்களில் ஸலாம் சொன்னால் தொட்டுக் கட்டிப்பிடித்துத்தானே சொல்வோம். மாப்பிள்ளையின் தாய் கிரீம் நிறப் பட்டில் வந்தார். பெண்ணின் தாய் ஓடிப்போய் இறுகக் கட்டிக்கொண்டார். பிரிந்தபோது சம்பந்தியின் நெஞ்சில் ஒரு முழு மாதுளங்கிளை, இலை நரம்போடு. அவர் குனிந்து பார்த்தார். பிறகு கையால் துடைத்தார். பிறகு அந்தக் கையைக் கன்னத்தில் வைத்தார்.

“என்ன இது,” என்றார். “என்ன இது, யா அல்லாஹ், என்ன இது.”

“ஒண்டுமில்ல மச்சி, புதுத் துணி,” என்றார் பெண்ணின் தாய். சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டார். அந்த முந்தானையில் பச்சை அதிகம்.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்ததும் வெள்ளைக் கதிரை ஒவ்வொன்றிலும் ஒரு பூச்செடி. இயந்திரம்கூட அவ்வளவு தெளிவாக அச்சடித்ததில்லை. பிள்ளைகள் எந்தக் கதிரை யாருடையது என்று பொருத்திப் பார்த்து விளையாடத் தொடங்கின. ஹாஜியாரின் பெரிய சகோதரியின் கதிரையை எல்லாப் பிள்ளைகளும் ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டன.

“எங்களுக்குச் சாயம் பூசி அனுப்பவா கூப்பிட்டீங்க?” என்று மாப்பிள்ளையின் சாச்சி சத்தம் போட்டார்.

“நீங்க கட்டிப் பிடிக்காம இரிந்தா ஒட்டியிரிக்குமா?” என்றது இந்தப் பக்கம்.

“அப்ப இனி ஸலாம் சொல்றதுக்கும் மழைக்கோட்டு உடுத்துக்கிட்டு வரணும்.”

சண்டை. நல்ல பெரிய சண்டை. இந்தமுறை ஓரமாக, வசதியாக நின்று பார்த்தேன். சிரிப்பு வந்துவிடக்கூடாதென்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டதில் நாலு நாள் காரம் தின்ன முடியவில்லை. செம்பில் இன்னும் கொஞ்சம் பன்னீர் மிச்சம் இருந்தது. அதையும் தெளித்துவிட்டேன்.

நிக்காஹ் ஆண்கள் பக்கத்தில் ஏற்கனவே முடிந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்ணின் கலியாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் அல்ல.

மறுநாள் காலை ஹில்மியின் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். ஹாஜியார் பேசவில்லை, முகம் மட்டும் பேசியது. ரஸாக் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். ஹில்மி கொட்டிலுக்குள் போய் ஒவ்வொரு தகரமாகத் திறந்தான். சோடாத் தகரத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். 

“உப்பு,” என்றான்.

தகரத்தைக் கையாளுவது கமீலா. கமீலா இருப்பது ரஸாக்கின் வீட்டில். ரஸாக்கின் வீட்டில் கருவாட்டுக்காக மூட்டை மூட்டையாக உப்பு. இது எனக்கு அப்போதுதான் தோன்றியது என்று நான் சொல்ல மாட்டேன்.

“நான் சோடா எண்டுதான் போட்டேன்,” என்றாள் கமீலா. “வல்லாஹி. கழுவிப் பாத்தோமே. சாச்சிதானே கழுவிக் கொண்டு வந்தாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஓம். புள்ள தந்த துண்டுல சாயம் போகல,” என்றேன்.

அந்தச் சொல் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லும்போது நான் யோசிக்கவே இல்லை. ரஸாக்தான் யோசித்தார். “அப்ப அவ தந்தது நல்ல துண்டு. மத்ததெல்லாம் பழுது. அப்படியா?” என்றார்.

அந்த நிமிடம்வரை எல்லோர் மனதிலும் இருந்தது பிள்ளை கைதவறிவிட்டாள் என்பதுதான். திட்டுவார்கள், அழுவாள், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். நான் கமீலாவின் தோளை அணைத்துக்கொண்டு அவளுக்காகப் பேசினேன். “சும்மா இரிங்க ரஸாக் நானா. புள்ள வேணுமெண்டு செஞ்சிரிக்காது,” என்றேன்.

வேணுமென்று என்ற சொல்லை அங்கே முதன்முதலில் உச்சரித்தது நான்தான். உச்சரித்தது, அவள் அப்படிச் செய்யவில்லை என்று சொல்வதற்காக. மனிதர்கள் ஒரு வசனத்தின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

“வேணுமெண்டு ஏன் செய்யப் போறா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“அதுதானே. ஹாஜியார் வீட்டு மூத்த மகனுக்கு இவளைப் பொண்ணு கேக்க யோசிச்சு விட்டுட்டாங்க எண்டு ஒரு காலத்துல கதை வந்தது. அது பழைய கதை. அதை இப்ப யாரும் எடுக்கவேணாம்,” என்றேன்.

அப்படி ஒரு கதை வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கக்கூடிய கதைதான். அன்று மதியம் லுஹர் தொழுகைக்குள் அது நுரைச்சோலைவரை போய்த் திரும்பி, நான் சொன்னதைவிட நன்றாக உடுத்திக்கொண்டு என் கடைக்கே வந்தது. என் கடையில் உட்கார இடமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எல்லாம் ஹில்மியின் கையில்தான் இருந்தது. அவன், “இல்லை, இவள் செய்ய மாட்டாள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும். அவன் உப்புப் பட்ட விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவளைப் பார்த்து, “வேணுமெண்டா செஞ்சீங்க?” என்று கேட்டான்.

கமீலா சாயம் படாமல் இருக்கக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, ஹில்மியின் உம்மாவின் மடியில் வைத்துவிட்டு, பெரியவாப்பாவுக்குப் பின்னால் போனாள். ஆக, அந்தச் சம்பந்தத்தை முறித்தது ஹில்மி. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

பிறகு நடந்தவை எல்லாம் நல்லபடிதான். ஹாஜியாரின் மகள் நுரைச்சோலையில் சந்தோசமாக இருக்கிறாள், இப்போது கைக்குழந்தை. யூஜீனியா இத்தாலியில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். போவதற்கு முன் ஒருநாள் கடைக்கு வந்து, துணி ஒன்றும் பார்க்காமல், “அந்தப் பன்னீரை ஏன் அக்கா அவ்வளவு ஊத்தினீங்கள்?” என்று கேட்டார். “கலியாணம்தானே,” என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுசி, ஆனால் எதிலும் சந்தேகம்.

ஹில்மி சில மாதம் கொட்டிலைப் பூட்டி வைத்திருந்தான். என் தங்கச்சியின் மகள் ஸுஹைராவுக்கு நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தோம். பொடியன் கெட்டிக்காரன், உம்மாவும் தனி. நான்தான் பேசி முடித்தேன். இந்தமுறை எல்லோரும் என்னிடம் கேட்டுத்தான் செய்தார்கள். அதற்காகத்தான் அதையெல்லாம் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஸுஹைராவின் நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது.

கமீலாவை ரஸாக் குவைத்துக்கு அனுப்பினார். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. கொழும்பு பஸ் ஏற்ற அவரும் வரவில்லை. பேர் கெட்ட பிள்ளையை வழியனுப்ப ஊரில் ஒருவரும் வரவில்லை. நான் போனேன். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். அவள் மெலிந்திருந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள்.

“நான் செய்யல்ல எண்டு நம்பினது நீங்க ஒராள்தான் சாச்சி,” என்றாள்.

அது உண்மை. அவள் செய்யவில்லை என்பதில் இந்த ஊரிலேயே துளி சந்தேகம் இல்லாதவள் நான் ஒருத்திதான். பஸ் போன பிறகும் நின்று அழுதேன். ஒரு அநாதைப் பிள்ளையிடம் இவ்வளவு இரக்கமில்லாமல் நடக்க இந்தச் சனத்துக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.